கூடாரத்தைப் பிடுங்கினால் கதை விழும்

‘சந்திரலேகா’ படம் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். முரசு நடனம் அற்புதம், வாள் சண்டை அற்புதம், நடுவில் வருகிற சர்க்கஸ் மட்டும் கதையோடு ஒட்டாத வேடிக்கை, படத்தை நீட்டுவதற்காகச் செருகியது. ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழிந்து இது ஒரு வாய்பாடாகிவிட்டது. இன்றைக்கு எங்கள் ஊரான முள்ளியவளையில் கைபேசியில் பழைய படம் பார்க்கிற பெடியன்கூட, சர்க்கஸ் தொடங்கியதும் விரலால் தள்ளிவிட்டு நேரே முரசு நடனத்துக்குப் போய்விடுகிறான். அவனில் பிழை இல்லை, பெரியவர்கள் அவனுக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்புத்தான் பிழை. சர்க்கஸ் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் நாயகன் குகைக்குள்ளேயே கிடந்து சாவான். நாயகி அரண்மனையில் அடைபட்டுக் கிடப்பாள். முரசுகள் வெறும் முரசுகளாகவே நிற்கும்.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வீரசிம்மன் (எம்.கே. ராதா). இளையவன் சசாங்கன் (ரஞ்சன்). முடி மூத்தவனுக்கு என்று தெரிந்ததும் இளையவன் ஆள் சேர்த்துக் கொள்ளையடிக்கப் புறப்படுகிறான். கிராமத்துப் பெண் சந்திரலேகா (டி.ஆர். ராஜகுமாரி) அந்த அட்டூழியத்தில் தகப்பனை இழக்கிறாள். ஊர் ஊராகப் போகும் ஒரு பாட்டுக் கூட்டத்தோடு சேர்கிறாள். அந்தக் கூட்டத்தையும் சசாங்கனின் ஆட்கள் மறிக்கிறார்கள். சவுக்கைக் காட்டி அவளை ஆடவைக்கிறான் சசாங்கன். அவள் தப்பி ஓடுகிறாள். பிறகு வீரசிம்மன் பிடிபட்டுக் குகையில் அடைக்கப்படுகிறான், குகை வாயைப் பாறை மூடியிருக்கிறது. அந்த வழியால் போகும் சர்க்கஸ்காரரின் யானைகள்தான் பாறையை அகற்றுகின்றன. காதலர் இருவரும் அந்தச் சர்க்கஸிலேயே ஒளிந்துகொள்கிறார்கள். ஒற்றன் கண்டுபிடிக்கிறான். அங்கிருந்து தப்பி நாடோடிக் கூட்டத்தில் சேர்கிறார்கள். வீரசிம்மன் உதவி தேடிப் போன வேளையில் சந்திரலேகா பிடிபடுகிறாள். அரண்மனையில் சசாங்கன் நெருங்கும்போதெல்லாம் மயங்கி விழுவதாக நடிக்கிறாள். அந்த நேரத்தில் சர்க்கஸில் அவளுக்குச் சிநேகிதியாக இருந்த பெண் (சுந்தரிபாய்) குறத்தி வேடத்தில், நோய் தீர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறாள். நோய் ‘தீர்கிறது’. கல்யாணத்துக்குச் சம்மதிக்கிற சந்திரலேகா முரசு நடனம் வேண்டும் என்று கேட்கிறாள். முரசுகளுக்குள் இருந்து வீரர்கள் குதிக்கிறார்கள்.

இந்த வரிசையில் சர்க்கஸ் எத்தனை இடத்தில் முடிச்சுப் போடுகிறது என்று பாருங்கள். நாயகனை மீட்பது சர்க்கஸ் யானை. காதலர் ஒளிந்திருப்பது சர்க்கஸ் கூடாரம். நாயகியின் கடைசித் திட்டத்துக்கு அரண்மனைக்குள் கைகொடுப்பது சர்க்கஸ் பெண். இடைச்செருகல் என்றால் உருவி எடுத்தபின்னும் கதை நிற்க வேண்டும். இதை உருவினால் எது நிற்கும்?

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. இந்தப் படம் ஒரே மூச்சில் எழுதி எடுத்த படம் இல்லை. 1943இல் ஜெமினி ஸ்டூடியோவில் தொடங்கிய வேலை 1948 ஏப்ரல் 9இல்தான் திரைக்கு வந்தது. முதலில் இயக்கியவர் டி.ஜி. ராகவாச்சாரி. கருத்து வேறுபாட்டில் அவர் விலக, ஜெமினியின் அதிபர் எஸ்.எஸ். வாசனே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் 1947இல் விடுதலையான பிறகே அவருக்கும் டி.ஏ. மதுரத்துக்கும் சர்க்கஸில் இடம் செய்து கொடுத்தார்கள். செலவு முப்பது லட்சம் ரூபாயைத் தொட்டது. அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. வாசன் சொத்துகளை அடகு வைத்துக் கடன்பட்டார். இவ்வளவு பணம் போட்டவர் கூட்டத்தைக் கவரக் கண்டதையும் சேர்த்திருப்பார், ஆகவே சர்க்கஸும் அப்படி வந்ததுதான் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு பகுதி எப்போது வந்து சேர்ந்தது என்பது வேறு, சேர்ந்தபின் என்ன வேலை செய்கிறது என்பது வேறு. வீட்டுக்குப் பின்னால் பிறகு இறக்கிய பத்திதான் எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் அடுப்படியாகிறது. நாளடைவில் முழுக் குடும்பமும் அங்கேதான் இருந்து கதைக்கிறது. பத்தி பிந்தி வந்தது என்பதற்காக அதை இடிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

அந்தச் சர்க்கஸ் ஏனோதானோ என்று வந்ததும் இல்லை. ஜெமினியின் கதை இலாகாவில் இருந்த கொத்தமங்கலம் சுப்பு தென்னிந்தியா முழுவதும், கடல் தாண்டி இலங்கையின் வடபகுதியிலும் அலைந்து ஐம்பதுக்கு மேற்பட்ட சர்க்கஸ்களைப் பார்த்த பிறகே கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும் தெரிவு செய்தார் என்று அந்தப் படத்தின் வரலாறு சொல்கிறது. வெறும் இடைவேளை வேடிக்கைக்கு ஐம்பது கூடாரம் ஏறி இறங்க வேண்டியதில்லை. முதலில் கண்ட கூடாரமே போதும்.

எடுத்த விதத்தையும் பாருங்கள். சர்க்கஸ் காட்சிகளுக்குப் பொறுப்பாக நின்றவர் கே. ராம்நாத். ஸ்டூடியோ வளவுக்குள் கூடாரம் அடித்து, பல கமெராக்களை வைத்துப் படமெடுத்தார்கள். உயரத்தில் ஊஞ்சலில் இருக்கும் சந்திரலேகா, கீழே சனத்துக்குள் சசாங்கனின் ஆளைக் காண்கிறாள். அவள் திடுக்கிடுவதைக் காட்டக் கமெரா விசுக்கென்று அவள் முகத்துக்குப் பாய்கிறது. இன்றைக்கு அதற்கு ஸூம் வில்லை இருக்கிறது. அன்றைக்கு அவர்களிடம் அது இல்லை. ராம்நாத் கிரேனில் கமெராவை ஏற்றி, திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்து, இருபது தடவை எடுத்து, அதில் நல்லதொன்றைத் தெரிந்தார். இவ்வளவு பாடும் எதற்கு? ஒரு பெண்ணின் பயத்துக்கு. வித்தையைக் காட்டுவதுதான் நோக்கமென்றால் கமெரா தூரத்தில் நின்று முழு ஊஞ்சலையும் காட்டியிருக்கும். அது முகத்துக்குப் போனது, ஏனென்றால் அந்த இடத்தில் கதை அந்த முகத்தில் இருந்தது.

இதையும் தாண்டிச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தப் படத்தில் சந்திரலேகா மூன்று தடவை பிறர் பார்வைக்கு முன்னால் நிற்கிறாள். முதல் தடவை சவுக்குக்குப் பயந்து ஆடுகிறாள். கலை அங்கே அவளுக்குத் தண்டனை. இரண்டாம் தடவை சர்க்கஸில். அங்கே யாரும் அவளை அடிக்கவில்லை. அவள் வேலை செய்கிறாள், தன்னோடு வேலை செய்கிறவர்களின் சோற்றில் பங்கு உண்கிறாள், சனம் கைதட்டுகிறது. அவளுக்குப் பெண் சிநேகிதி கிடைப்பதும் அங்கேதான். மூன்றாம் தடவை முரசுமேல் ஆடுகிறாள். அப்போது சசாங்கன் பார்வையாளன், அவள் அவனைப் பொறியில் பிடிப்பவள். முதலாவது ஆட்டத்திலிருந்து மூன்றாவது ஆட்டத்துக்கு ஒரு பெண் எப்படி வந்து சேர்கிறாள்? சவுக்குக்கு ஆடியவள் எங்கே போய், பார்ப்பவனின் கண்ணைக் கட்டக் கற்றாள்? நடுவில் கூடாரம் இருப்பதால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. முரசு நடனத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டுச் சர்க்கஸைத் தூக்கி எறிகிறவர்கள், ஆட்டத்தை மட்டும் பார்த்தார்கள், ஆடுகிறவளைப் பார்க்கவில்லை.

பாட்டுக் கூட்டம், சர்க்கஸ், நாடோடிகள் என்று அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுத்த எல்லோருமே வழியில் வாழ்கிறவர்கள். சுவர் உள்ளவர்கள் ஒருவரும் அவளைக் காப்பாற்றவில்லை. அரண்மனையில் தாய் தகப்பனையே மகன் சிறையில் போட்டிருக்கிறான். அரசன் ஆளை அனுப்பித் தேடுகிற ஒருத்திக்கு யார் படுக்க இடம் கொடுப்பார்கள் என்பது முள்ளியவளையில் கற்பனைக் கேள்வியே இல்லை. 2008இன் கடைசி மாதங்களில் போரால் இந்த ஊர் எழும்பிப் போனபோது, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வளவுக்குள் தறப்பாள் கட்ட இடம் விட்டார்கள். அவர்களும் அடுத்த கிழமை எழும்ப வேண்டியவர்கள்தான். இடம்பெயர்ந்து நிற்பவனுக்கு இடம்பெயர்ந்தவனே இடம் கொடுத்தான். அதைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு, கூடாரத்துக்குள் ஒரு பெண் ஒளிவதை ‘கதைக்குச் சம்பந்தமில்லாதது’ என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் படத்தில் எனக்கு மிகவும் விளங்குகிற பகுதியே அதுதான்.

வரலாற்றுப் பிழை என்று ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. மன்னர் காலத்தில் ஊஞ்சல் வித்தை ஏது, சிங்கக் கூண்டு ஏது என்கிறார்கள். இன்று நாங்கள் சர்க்கஸ் என்று சொல்லும் அமைப்பு இந்தியாவில் 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே தொடங்கிய குழுவோடு பிறந்தது. அதன்பின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பயிற்சி கொடுத்து வளர்த்தார். மலபார்ப் பிள்ளைகள்தான் இந்தியச் சர்க்கஸின் கை கால்களாக இருந்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆகவே வாளும் முடியும் வைத்த கதையில் இந்தக் கூடாரம் காலத்துக்கு முந்தியதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வித்தைக்காரர் முந்தியவர்கள் இல்லை. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், காற்றில் குலுங்கும் வாகை நெற்றின் ஓசைக்கு ஆரியக் கூத்தர் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறை உவமையாக வருகிறது. நற்றிணையின் 95ஆம் பாட்டில் ஒரு ஆடுமகள் நடந்த முறுக்குக் கயிறு இருக்கிறது. அவள் இறங்கிப் போனபின் அதில் ஒரு குரங்குக் குட்டி தொங்கி ஆட, குறவர் சிறுவர்கள் பாறையில் ஏறி நின்று தாளம் போடுகிறார்கள். அந்தப் பாட்டு ஒரு காதல் பாட்டு. அந்தச் சிற்றூரில் இருக்கிற ஒருத்தியிடம் தன் நெஞ்சு பிணிபட்டுக் கிடக்கிறது என்று சொல்லவந்த காதலன்தான் கயிற்றையும் குரங்கையும் சிறுவர்களையும் சொல்கிறான். ‘காதல் கதைக்குள் வித்தைக்காரருக்கு என்ன வேலை’ என்று அதைப் பாடிய கோட்டம்பலவனாரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாசன் அந்தப் பாட்டைப் படித்துவிட்டுப் படம் எடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. தெருவில் கயிறு கட்டி ஆடுகிறவர்களைக் காதலுக்குப் பக்கத்தில் வைப்பது தமிழுக்குப் புதிது இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். காலம் பார்த்துக் குற்றம் பிடிப்பவர்கள் அதே படத்தின் அரண்மனைத் திரைச்சீலைகளையும் உடைகளையும் விட்டுவிடுகிறார்கள். அவற்றிலும் ஐரோப்பா நிறையவே இருக்கிறது. ராஜாவின் உடை பிழைத்தால் அழகு, கூத்தாடியின் கூடாரம் பிழைத்தால் குற்றமா?

இங்கேதான் இந்தத் தீர்ப்பின் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். சர்க்கஸ் என்றால் மட்டமான சனத்துக்கான வேடிக்கை, அது உயர்ந்த கதைக்குள் வரக்கூடாது என்ற எண்ணம். வாசன் தான் படம் எடுப்பது சாதாரண சனத்துக்கு என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதை வைத்தே அவரை வியாபாரி என்று ஒதுக்கினார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் முல்லை மோடி என்று பேர்பெற்ற கோவலன் கூத்து யாருக்காக ஆடப்பட்டது? வற்றாப்பளை அம்மனுக்காகவும், மணலில் பாய் விரித்து விடியவிடிய இருந்த சனத்துக்காகவும்தான். அதில் ஒவ்வொரு பாத்திரமும் வரவுப்பாட்டோடு வந்து களரியைச் சுற்றி ஆடிய பிறகே கதை நகரும். கோவலன் கொலைக்களத்துக்குப் போக அவசரப்படுவதில்லை, அண்ணாவியாரும் அவசரப்படுவதில்லை.

கதை ‘இறுக்கமாக’ இருக்க வேண்டும் என்ற அளவுகோல் எங்களிடம் வெளியிலிருந்து வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது, இரவு முழுக்க ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். அது பெரிய வேலை. அது நடந்திராவிட்டால் கூத்தை ஒரு கலை என்று நகரம் ஏற்றிருக்காது. அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் சுருக்கிய கூத்தே நல்ல கூத்து, நீண்டது பழுது என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டது பெரிய நட்டம். மாதவி ஆடுவதை நேரம் எடுத்து ஆடவிடாவிட்டால், கண்ணகியை விட்டுக் கோவலன் ஏன் போனான் என்பது சனத்துக்கு வெறும் தகவலாகத்தான் வந்து சேரும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற ‘சந்திரலேகா’வும் அந்தக் களரியின் பிள்ளைதான். அதைத் துப்பறியும் கதையின் அளவுகோலால் அளந்து ‘இங்கே தொய்கிறது’ என்று எழுதினால் அது படத்தின் குற்றமாகாது.

வெளிநாட்டுப் படங்களைக் காட்டி இதைச் சிறுமைப்படுத்துகிறவர்களும் உண்டு. சேரா குரூவன் 2006இல் எழுதிய நாவலை வைத்துப் பிரான்சிஸ் லோரன்ஸ் 2011இல் எடுத்த ‘வாட்டர் ஃபோர் எலிபன்ட்ஸ்’ அவர்களின் உதாரணம். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்து அமெரிக்கா, ரயிலில் போகும் சர்க்கஸ், முதலாளியின் மனைவியைக் காதலிக்கும் இளைஞன், அடிவாங்கும் யானை. அங்கே சர்க்கஸ் கதையின் உயிர், இங்கே ஒட்டுப்போட்டது என்கிறார்கள். நான் இரண்டையும் பார்த்தவன். அந்தப் படத்தில் அரண்மனை, சவுக்கு, சசாங்கன் எல்லாமே கூடாரத்துக்குள் இருக்கின்றன. முதலாளியே கொடுங்கோலன். வாசனின் படத்தில் கொடுமை வெளியே இருக்கிறது, கூடாரம் அடைக்கலம். இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒன்றின் விடை மற்றதில் இல்லை என்பது ஒரு குறையா?

ஆனால் அந்த அமெரிக்கப் படம் கேட்ட ஒரு கேள்வியை ‘சந்திரலேகா’ கேட்கவில்லை என்பது உண்மை. சர்க்கஸுக்குள்ளும் அடி இருந்தது. மிருகங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. வறிய வீட்டுப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கூடாரத்தில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். சிங்கம், புலி, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக்கூடாது என்று இந்தியா 1998இல் அறிவித்தது. சர்க்கஸ் முதலாளிகள் வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றம் 2001இல் தடையை உறுதி செய்தது. சிறுவர்களைச் சர்க்கஸில் சேர்ப்பதற்கும் அதே நீதிமன்றம் 2011இல் தடை போட்டது. இவை வந்தது நல்லது. அந்த யானைகள் பாறையைத் தள்ளும் காட்சியை இன்றைக்கு 1948இன் கண்ணோடு பார்க்க என்னாலும் முடியவில்லை. கூடாரத்துக்குள் இருந்தவர்களின் முகத்தை நின்று பார்ப்பதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜி. அரவிந்தன் ‘தம்பு’ எடுத்து, ஒரு ஆற்றங்கரை ஊருக்கு வந்துபோன உண்மையான சர்க்கஸ்காரரைக் கமெராவுக்கு முன் நிறுத்தினார்.

இந்தக் குறையைச் சொல்லி வாசனைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் சர்க்கஸ் அதிகம் என்ற முறைப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் குறைக்குப் பரிகாரம் சர்க்கஸை வெட்டுவதில் இல்லை, அதற்குள் இன்னும் ஆழமாகப் போவதில் இருக்கிறது.

வாசனுக்குப் பின்வந்த தமிழ்ப் படங்கள் இந்த இடத்தை மறக்கவுமில்லை. 1966இல் டி.ஆர். ராமண்ணா எடுத்த ‘பறக்கும் பாவை’யிலும் வீட்டை விட்டு ஓடிவந்த பெண்ணுக்குச் சர்க்கஸ்தான் தங்குமிடம். கூடாரத்தை ஒரு பெண்ணின் அடைக்கலமாக வைத்தது ஒட்டுவேலை என்றால், பதினெட்டு வருடம் கழித்தும் அது ஏன் சனத்திடம் எடுபட்டது?

கடைசியாகச் சுந்தரிபாய் நடித்த அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று. சர்க்கஸ் தேவையில்லை என்று எழுதிய எவரும் அவளைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதி நான் படிக்கவில்லை. அவளுக்குச் சந்திரலேகாவோடு இரத்த உறவில்லை. முடி யாருக்குப் போனாலும் அவளுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. பிடிபட்டால் தலை போகும். காவலைத் தாண்டி, கொடுங்கோலனின் முகத்துக்கு நேரே நின்று, அவன் நம்பும்படி நடித்து, அவன் பலவந்தமாகக் கொண்டுவந்த பெண்ணின் காதில் திட்டத்தைச் சொல்லிவிட்டுப் போகிறாள். சேனாதிபதியால் முடியாதது அது, வீரசிம்மனாலும் முடியாதது. நூற்றுக்கணக்கான பேரின் முன்னால் வேடம் கட்டி, கை நடுங்காமல் வித்தை காட்டிப் பழகியவளால் முடிந்தது. கூடாரம் கதைக்கு வெளியே நிற்கிறது என்பவர்கள், இவள் எங்கிருந்து வந்தாள் என்பதை முதலில் சொல்லட்டும்.